இடது முழங்கையில் ஒரு மச்சம்

சடையனுக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்களில் மூத்தது 'மார்க்'. கல்வராயன் மலையில் வனத்துறைக்காக மரம் வெட்டும் கூலி வேலைக்குப் போய்வந்த காலத்தில் அவர் அதைக் கற்றுக்கொண்டார். காவலர் வந்து அடிமரத்தின் பட்டையைக் கையகலம் செதுக்குவார். முத்திரைச் சுத்தியலால் ஓங்கி ஓர் அடி அடிப்பார். அதன் பிறகு அது மார்க் போட்ட மரம். மார்க் போட்ட மரம் மறுவாரம் நிற்காது. ஆகவே, 1985ஆம் ஆண்டில் அவருடைய மகள் பாப்பாத்தி மூச்சிரைக்க மலையேறி வந்து, "அப்பா, எனக்கு மார்க் வந்துட்டுது" என்று சொன்னபோது, அவர் கையிலிருந்த அரிவாளைக் கீழே போட்டுவிட்டார். "எவன் போட்டான்? எங்க போட்டான்?" என்று மகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். ஐந்நூற்றுக்கு முந்நூற்று எழுபத்தொன்று என்பதை அவருக்கு விளக்கி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டதாம்.

இதைப் பாப்பாத்தியே என்னிடம் சொல்லிச் சிரித்தாள். நான் அவளுடைய பத்தாம் வகுப்பு ஆசிரியன். மலையடிவாரத்தில் இருந்த அந்தப் பள்ளியின் பெயர் வேண்டாம். பெயர் சொல்லக் கூசும் செயலைத்தான் நான் இங்கே எழுதப்போகிறேன்.

அந்தச் சொல்லை ஒரு நாளைக்கு நூறு முறை சொன்னவன் நான். விடைத்தாளில் சிவப்பு மையால் போட்டது மார்க். வருகைப் பதிவேட்டில் வைத்த புள்ளியும் மார்க். சின்னசேலம் மண்டிக்குப் போன மூட்டையில் வியாபாரி தீட்டிய பச்சைச் சுழியையும், சங்கராபுரம் பேருந்தில் சண்டையிட்டு இறங்கியவன் "உன்ன மார்க் பண்ணி வெச்சிக்கினேன்டா" என்று விரலை நீட்டியதையும் அதே சொல்லால்தான் ஊர் அறிந்திருந்தது. எழுதப்படிக்கத் தெரியாதவரும் அதைத் தமிழென்றே நினைத்தார்கள்.

ஆனால் இந்தக் கதை மதிப்பெண்ணைப் பற்றியது அன்று. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் மதிப்பெண்களுக்கு முந்தைய பக்கத்தில், பெயர், பிறந்த நாள், சாதி ஆகியவற்றுக்குக் கீழே, மாணவரின் உடலில் உள்ள அடையாளங்களை எழுத இரண்டு கோடுகள் இருக்கும். அதையும் நாங்கள் மார்க் என்றே சொல்வோம். பிள்ளையை எதிரில் நிறுத்தி, கண்ணால் பார்த்து எழுதவேண்டும் என்பது விதி. நூற்றிருபது புத்தகங்களுக்கு மூன்று நாள் அவகாசம் என்பது நடைமுறை. பையன்களை "எங்கடா மச்சம்?" என்று கேட்டு எழுதிவிடலாம். பெண்களிடம் ஆண் ஆசிரியர் அப்படிக் கேட்க முடியாது. எனவே எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. பெண்களுக்கெல்லாம் கை. ஒருத்திக்கு இடது முழங்கையில் மச்சம், அடுத்தவளுக்கு வலது மணிக்கட்டில், அதற்கடுத்தவளுக்குப் புறங்கையில் என்று வரிசையாக எழுதிக்கொண்டே போவோம்.

"மச்சம் இல்லாத மனுசன் எங்க இருக்கான் சார்? தேடினா கெடைக்கும்" என்பார் தலைமையாசிரியர் காசிநாதன்.

பாப்பாத்தியின் புத்தகத்தை எடுத்தபோது மட்டும் என் பேனா நின்றது. அவளுக்கு அடையாளம் தேட வேண்டியதே இல்லை. இடது காதோரம் தொடங்கித் தாடை வரைக்கும் ஒரு தீக்காயத் தழும்பு. கைக்குழந்தையாக இருந்தபோது கொதிக்கும் சாமைக் கஞ்சி கவிழ்ந்துவிட்டது என்று கேள்வி. இந்தப் புத்தகம் ஆயுள் முழுவதும் அவளோடு வரப்போகிறது. வேலைக்கும் போகும், ஒருவேளை பெண் பார்க்க வருகிறவர் கைக்கும் போகும். அதன் முதல் பக்கத்தில் அந்த வடுவை நான் எழுதிவைக்க வேண்டுமா என்று நினைத்தேன். எழுதவில்லை. 'இடது முழங்கையில் ஒரு மச்சம்' என்று முத்து முத்தாக எழுதி, இரண்டாவது கோட்டை அடித்துவிட்டேன். அன்று மாலை ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு வீட்டுக்குப் போனது எனக்கு நினைவிருக்கிறது.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1987இல் கிராமச் செவிலியர் பயிற்சிக்குப் பாப்பாத்தி தேர்வானாள். பழங்குடியினருக்கான இடம். பிரசவ வலி கண்ட பெண்ணைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கும் ஊர் அவளுடையது. அங்கே ஒரு செவிலியர் தங்கியதில்லை. கடலூரில் ஓர் அலுவலகத்தில் சான்றிதழ் சரிபார்ப்பு நடந்தது. போய்வந்தவள் நேரே பள்ளிக்கு வந்தாள்.

"சார், நான் நான் இல்லியாம் சார்" என்றாள்.

"இன்னாம்மா சொல்ற?"

"புக்குல இடது முழங்கையில மச்சம்னு கீதாம். கைய நீட்டுன்னாங்க. நீட்டினேன். வெளிச்சத்துல வெச்சு, எச்சி தொட்டு தேச்சுலாம் பாத்தாங்க. ஒண்ணியும் இல்ல. 'கன்னத்துல இம்மாம் பெருசா ஒண்ணு இருக்குது. அத வுட்டுட்டு இல்லாத மச்சத்த எந்த வாத்தியாராவது எழுதுவாரா? இது எவளோ ஒரு மலைக்காரியோட புக்கு. நீ வாங்கிக்கினு வந்துகிற'ன்றாரு ஆபீசரு."

அந்த அதிகாரியைக் குறைசொல்ல எனக்கு வாய் இல்லை. இட ஒதுக்கீட்டுக்கான போராட்டம் கனன்றுகொண்டிருந்த ஆண்டுகள் அவை. யாருக்கு எத்தனை விழுக்காடு என்பதைப் பேசாத தேநீர்க்கடை இல்லை. கேட்டவர்களின் நியாயத்தை எடைபோட நான் வரவில்லை. ஆனால், சமவெளிக்காரர்கள் மலைச்சாதியாக வேடமிட்டு இடம் பிடிக்கிறார்கள் என்று மொட்டைக் கடிதங்கள் மேசைதோறும் குவிந்தன. எங்கள் பிள்ளைகளின் புத்தகத்தில் புகைப்படம் இல்லை. சாதிச் சான்று பாப்பாத்தி என்ற பெயருக்கு இருந்தது. அந்தப் பெயர் இவள்தானா என்பதுதான் கேள்வி. அதற்குப் புத்தகத்தில் இருந்த ஒரே சாட்சி என் கையெழுத்து.

"எழுதின வாத்தியாரே, தப்பா எழுதிட்டேன், இது அந்தப் பொண்ணுதான்னு ஸ்கூல் சீல் வெச்சுக் குடுத்தா ஒத்துக்கறாங்களாம் சார். ஒரு மாசம் டயம்" என்றாள். பிறகு, போகத் திரும்பியவள் நின்று, "ஏன் சார், இத எழுதல?" என்று கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"உனக்கு அசிங்கமா இருக்குமேன்னுதாம்மா."

"எனக்கு அசிங்கமா இல்லியே சார். உங்களுக்குத்தான் இருந்துகீது."

குற்றம் சாட்டும் குரல் இல்லை. கணக்கில் விடை சொல்லும் குரல்.

காசிநாதனிடம் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"சார், உங்களுக்கு ரிட்டையர்மெண்டுக்கு எவ்ளோ இருக்குது?"

"எட்டு மாதம்."

"பாக்காம எழுதினேன்னு சீல் வெச்சுக் குடுத்தீங்கன்னா, அப்ப மத்த நூத்தி பத்தொம்பது புக்கு இன்னான்னு கேப்பான். அதுக்கு முந்தின வருசம் இன்னான்னு கேப்பான். உங்களுக்கு மெமோ, எனக்கு மெமோ. பென்சன் பேப்பர் மேசைக்கு மேசை தூங்கும். அந்தப் பொண்ணுக்கு நல்லது செய்யணும்னா வேற மாதிரி யோசிங்க சார்."

நான் வேறு மாதிரி யோசிக்கத் தொடங்கினேன். யோசிப்பது என்பது அப்போது எனக்கு மிகவும் வசதியாக இருந்தது. பாப்பாத்தி அடுத்த வாரம் வந்தபோது தலைமையாசிரியர் விடுப்பு என்றேன். அதற்கடுத்த முறை வந்தபோது அலுவலக முத்திரை பூட்டியிருக்கிறது என்றேன். ஒவ்வொரு முறையும் அவள் பதினெட்டு கிலோமீட்டர் இறங்கி, பதினெட்டு கிலோமீட்டர் ஏறினாள். நான்காம் முறை வந்தபோது, வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், வகுப்பில் சொல்வதுபோல ஒரு கதை சொல்லத் தொடங்கினேன்.

"ஒரு காட்டில் மான்களைக் கணக்கெடுத்தார்கள். எந்த மானுக்கு எத்தனை புள்ளி என்று எழுதும் வேலை ஒரு கிழட்டு முயலுக்கு. முயல் நல்லது, ஆனால் கண் மங்கியது. ஒரு மானுக்கு முதுகில் புள்ளிக்குப் பதிலாகப் புலி கீறிய கோடு இருந்தது. ஐயோ பாவம் என்று முயல் அதை மறைத்து, புள்ளி நாற்பது என்று எழுதிவிட்டது. பிறகு சிங்கம் வந்து..."

"சார்" என்றாள் பாப்பாத்தி. அவ்வளவு மரியாதையாக யாரும் என் கதையை நிறுத்தியதில்லை. "அந்த மான் இன்னா ஆச்சுன்னு ட்ரெய்னிங் போய்ட்டு வந்து கேட்டுக்கறேன் சார். இப்ப லெட்டரு குடுங்க சார்."

"திங்கட்கிழமை நிச்சயம் வாம்மா" என்றேன்.

அந்தத் திங்கட்கிழமை வரவில்லை. அதற்கு முன்பே, இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கிவிட்டது. புளியமரங்கள் சாலையின் குறுக்கே சாய்க்கப்பட்டன. பேருந்து இல்லை, பள்ளி இல்லை. போலீஸ் வண்டிகள் மட்டும் அங்கங்கே புகைந்துகொண்டு நின்றன. கடைசி வாய்ப்பாக அவளுக்குக் கொடுத்திருந்த நாளுக்கு இன்னும் பதினொரு நாளே இருந்தது. நான் வெட்கமின்றி ஆறுதலடைந்தேன். இனி தாமதத்துக்குக் காரணம் நான் அல்லேன்.

மறியலின் ஐந்தாம் நாள் காலையில் சடையன் என் வீட்டு வாசலில் நின்றார். கால் முட்டி சிராய்த்திருந்தது. விழுந்து கிடந்த மரங்களை ஏறி ஏறித் தாண்டி வந்திருக்கிறார்.

"பாப்பாத்தி வரலியா?"

"வயசுப் பொண்ண எப்டிங்க இந்த ரோட்டுல வுடறது? நான் வந்தேன்." உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "எத்தினி மரம் சாரு! ஒண்ணுத்துல கூட மார்க் இல்ல. மார்க் போடாத மரத்துல நாங்க ஒரு கொம்ப ஒடிச்சா கேசு. இங்க இன்னாடான்னா அடியோட சாச்சிகிறானுங்க, போலீஸ்காரரு பக்கத்துலயே குந்திக்கினு பீடி குடிக்கிறாரு." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "காயிதம் குடுத்தீங்கன்னா கெளம்பிடுவேன் சாரு" என்றார்.

உள்ளே போனேன். பள்ளியின் பெயர் அச்சிட்ட தாள் ஒன்று, காசிநாதன் முன்பே முத்திரையிட்டுத் தந்தது, மேசையில் இருந்தது. அதைக் கொடுத்தபோதே, என்ன எழுதவேண்டும் என்பதையும் அவர் சொல்லியிருந்தார். அரை மணி நேரம் உட்கார்ந்து, பிழையில்லாத, அழகான தமிழில் எழுதினேன்: 'இக்கடிதம் கொண்டுவரும் ச. பாப்பாத்தி என் மாணவியே. இவருடைய இடது முழங்கையில் மச்சம் இருந்ததை நான் நேரில் கண்டே பதிவு செய்தேன்.' பாக்கியை அதிகாரியின் மனச்சாட்சிக்கு விட்டுவிட்டேன். அவள்தான் என் மாணவி என்ற வாக்கியம் உண்மை; அந்த உண்மை மற்ற வாக்கியத்தையும் சுமந்துகொண்டு கரையேறிவிடும் என்று நம்பினேன்.

சடையனுக்குப் படிக்கத் தெரியாது. தாளை இரண்டு கைகளாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, மடிக்காமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் கடைசி வாரத்தில் சாலைகள் திறந்தன. சரிபார்ப்பு அலுவலகத்திலிருந்து எனக்கும் அழைப்பு வந்திருந்தது. கடைசி நாளன்று, கடிதம் எழுதித் தரும் ஆசிரியரும் மாணவியோடு நேரில் வரவேண்டும். கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் அவர்களைச் சந்தித்தேன். பாப்பாத்தி அந்த வெயிலிலும் இடது கையைச் சேலை முந்தானையால் மூடியிருந்தாள். காய்ச்சல் கண்டவள்போல் கண்கள் சிவந்திருந்தன. பண்ருட்டி தாண்டிய பிறகுதான் கையில் என்ன என்று கேட்டேன்.

"லெட்டரப் படிச்சேன் சார்" என்றாள். "மச்சத்தப் பாத்தேன்னு எழுதிகிறீங்க. திரும்பவும் உங்ககிட்ட வர்றதுக்கு நாள் இல்ல. மச்சம் இல்லாமப் போனா, சார் பொய்யி சொல்லிட்டாருன்னு ஆயிடும். இருந்தா, அன்னிக்கு சரியா பாக்கலன்னு அவங்களே நெனச்சுக்குவாங்க. அப்பாதான் சேராங்கொட்டை எடுத்தாந்தாரு."

மலையில் விளையும் கறுத்த கொட்டை அது. ஊசியால் குத்தினால் பால் வரும். சலவைக்காரர்கள் துணிக்கு மார்க் போடுவது அதனால்தான். எத்தனை வெளுப்புக்கும் போகாது. துணியில் போடவேண்டியதைத் தோலில் போட்டால் என்ன ஆகும் என்பது மலைக்காரரான சடையனுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

"வெந்து போவும்னு தெரியும் சாரு" என்றார் அவர், முன் இருக்கையிலிருந்து திரும்பாமலே. "நாலு நாள்ல ஆறி, கறுப்பா நின்னுக்கும்னு நெனச்சேன். அவளுக்குக் கொஞ்சம் ஜாஸ்தியா ஏறிடுச்சி."

இறங்கி, திரும்பிப் போயிருக்கலாம். வேறு கடிதம் எழுதியிருக்கலாம். என் சட்டைப்பையில் பேனா இருந்தது. பேருந்து நெல்லிக்குப்பத்தில் நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு, மறுபடியும் கிளம்பியது.

அலுவலகத்தில் அன்று அவள் கையைப் பார்த்த அதே அதிகாரியும் அம்சவள்ளி என்ற பெண் ஊழியரும் இருந்தார்கள். அம்சவள்ளி முந்தானையை விலக்கிவிட்டு, "ஐயய்யோ" என்றார். முழங்கையில் மிளகளவு மச்சத்தைக் காணோம். நீர்கோத்து உடைந்து, ஓரமெல்லாம் கறுத்து, உள்ளங்கையளவுக்குப் புண் பரவியிருந்தது.

அதிகாரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குப் பேச வந்திருக்குமோ என்னவோ. அவர் பஞ்சால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்து, "போன வாரம் வெச்சது" என்றார். பிறகு பாப்பாத்தி கொடுத்திருந்த என் கடிதத்தை எடுத்தார்.

"உக்காருங்க சார். இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமாம்."

"மச்சத்த நேர்ல பாத்தேன்னு எழுதியிருக்கீங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் பாப்பாத்தி முந்திக்கொண்டாள். "சார் மேல தப்பு இல்லீங்க. நாங்கதாங்க வெச்சோம்."

அதிகாரி அவளைப் பார்த்தார். என் நரைத்த தலையையும், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையையும் பார்த்தார். அவர் கண்ணில் இரக்கம் தெரிந்தது. அந்த இரக்கம் எனக்கானது. "முப்பது வருசம் வேல பாத்த பெரியவரு. உங்கள ஏமாத்தி லெட்டர் வாங்கியிருக்காங்க. இல்லீங்களா சார்?"

அந்த அறையில் மின்விசிறி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. சடையன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பார்வையில் சந்தேகம் இல்லை. சார் இப்போது சொல்லிவிடுவார் என்ற காத்திருப்பு மட்டும் இருந்தது. என்ன சொல்லவேண்டும் என்பது எனக்குத் தெரியும். மூன்றே சொற்கள்: நான் பார்க்காமல்தான் எழுதினேன்.

"இருக்கலாம்" என்றேன்.

சடையன் தலையைக் குனிந்துகொண்டார்.

அதிகாரி நல்லவர். வழக்குப் போடவில்லை. எழுதிக்கொடுத்துவிட்டுப் போகட்டும் என்றார். அவர் சொல்லச் சொல்லப் பாப்பாத்தியே எழுதினாள்: 'இந்தப் புத்தகத்துக்கு உரியவள் நான் அல்லள். பயிற்சி இடத்துக்கு எனக்கு உரிமை இல்லை. மன்னிக்க வேண்டுகிறேன்.' வலது கையால் எழுதினாள்; இடது கை மேசையில் படாமல் காற்றில் நின்றது. அல்லள் என்பதில் ளகரத்தைத் தவறாமல் போட்டாள். முடித்ததும் நிமிர்ந்து, "எந்தப் பேருங்க போடறது?" என்று கேட்டாள்.

"உன் உண்மையான பேரு."

அவள் 'ச. பாப்பாத்தி' என்று எழுதினாள். அதிகாரி அதைப் படித்தார். மறுபடியும் ஒருமுறை படித்துவிட்டு, தாளை என் பக்கம் தள்ளினார். சாட்சிக் கையெழுத்து வேண்டுமாம். எங்கே போடுவது என்று தேடினேன். பென்சிலால் ஓரத்தில் ஒரு சிறு பெருக்கல் குறி போட்டு, "இந்த மார்க்குக்கு நேரா போடுங்க சார்" என்றார். போட்டேன்.

திரும்பும்போது உளுந்தூர்பேட்டையில் பேருந்து மாறினோம். கூட்டம் நெரித்தது. சடையன் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தார். எனக்கும் பாப்பாத்திக்கும் ஒரே இருக்கையில் இடம் கிடைத்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டி எங்களைச் சாய்த்தது. புண் கசிந்துகொண்டிருந்தது. என் வெள்ளைச் சட்டையில் பட்டுவிடக் கூடாதென்று, கள்ளக்குறிச்சி வரும்வரை அவள் அந்தக் கையைச் சன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டே வந்தாள்.